வரையாடு நம்ம வெள்ளாட்டுக்குப் பாட்டனா?

போடி மலைச்சரிவில் பலர் என்னிடம் கேட்பது இது. இல்லீங்க. 2005-இல் வந்த மரபணு ஆய்வுப்படி வரையாடு செம்மறிக்குத்தான் நெருங்கிய சொந்தம். வெள்ளாட்டின் மூதாதை பெசோவார் என்ற காட்டாடு. சுமார் 10,000 வருசத்துக்கு முன் துருக்கி, ஈரான் மலைகளில் பழக்கியது. தாய்வழி மரபணுவில் உலக வெள்ளாடுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ஒரே கிளைதான். மனுசனோடவே ஊர் ஊராக நடந்த ஜீவன் அது.

ஆனாலும் கன்னி, கொடி, சேலம் கருப்பு எல்லாம் நம்ம வெயிலுக்கும் காய்ந்த மேய்ச்சலுக்கும் பழகித் தேறியவை. எனக்கு வங்கியில் கணக்குப் போட்ட புத்தி: பெட்டைகளுக்குத் தொடர்ந்து போயர் கிடாவையே சேர்த்தால் நாலாவது தலைமுறைக் குட்டியில் நாட்டு ரத்தம் பதினாறில் ஒரு பங்கு. எடை கூடும்தான், முதல் கரைந்துபோகும். நாட்டுக்கிடாவையே வையுங்கள், அது தன் மகள்களைச் சேருமுன் பக்கத்து ஊர்க்காரரோடு மாற்றிக்கொள்ளுங்கள்.