தாதிய மாணவரும் நோய்த் தணிப்புப் பராமரிப்பும்: அறியாமையின் சமூக அடிப்படை பற்றி ஒரு நோக்கு

தாதியர் கல்வி பற்றிய ஆய்வுகளிலே கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரு முடிபு திரும்பத் திரும்பக் கூறப்பட்டு வருகின்றது. மாற்ற இயலாத நோயினால் வருந்துவோரையும் மரணத்தை அண்மித்துள்ளோரையும் பராமரிக்கும் முறை பற்றித் தாதிய மாணவர் கொண்டுள்ள அறிவு போதாதது என்பதே அம்முடிபாகும். நாடுகள் வேறுபடுகின்றன, முடிபு பெரிதும் வேறுபடுவதில்லை. பாடத்திட்டத்தில் மேலும் சில மணித்தியாலங்களைச் சேர்க்க வேண்டும் என்ற பரிந்துரையுடன் அவ்வாய்வுகள் பல நிறைவு பெறுகின்றன. அப்பரிந்துரையில் தவறில்லை. ஆயின், இவ்வறியாமை எங்கிருந்து தோன்றுகின்றது என்னும் வினா அங்கு அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆய்வாளராகிய நாம் இவ்விடயத்தில் ஈடுபடுவதற்குக் காரணம் உண்டு. இவ்வாய்வுகளுக்குக் கருவியாக அமைவது ஒரு வினாக்கொத்து. அதனை எழுதியோர் உளர். அது எழுந்த சமூகச் சூழல் ஒன்று உண்டு. அது எதிர்பார்க்கும் வாசகர் உளர். ஓர் இலக்கியத்தை அதன் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கும் முறை இதற்கும் பொருந்துவதே.

முதற்கண் பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நோய்த் தணிப்புப் பராமரிப்பு என்பது, சிகிச்சை கைவிடப்பட்டபின் எஞ்சி நிற்கும் ஆறுதல் மொழியன்று. நோவு, மூச்சுத் திணறல், குமட்டல், மலச்சிக்கல், அச்சம், குடும்பத்தின் பொருள் நெருக்கடி ஆகியவற்றை முறையாகக் கண்டறிந்து தணிக்கும் ஒரு துறை அது. உலக சுகாதார தாபனம் 2002 இல் வகுத்த வரைவிலக்கணம், நோயின் தொடக்கக் கட்டத்திலேயே ஏனைய சிகிச்சைகளுடன் இணைத்து இதனை வழங்கலாம் என்று தெளிவாகக் கூறுகின்றது.

இத்துறையின் வரலாறு தாதியர் தொழிலுடன் நேரடியாகத் தொடர்புடையது. இதன் முன்னோடியாகக் கருதப்படும் சிசிலி சோண்டர்ஸ் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலண்டனில் தாதியாகப் பயின்றவர். முதுகு நோவினால் அத்தொழிலை விட்டு, வைத்தியசாலைச் சமூகப் பணியாளராகி, பின்னர் 1957 இல் வைத்தியராகத் தகுதி பெற்றார். 1940 களின் இறுதியில் அவர் இலண்டன் புனித லூக்கா இல்லத்தில் மாலை வேளைகளில் தொண்டராகப் பணியாற்றினார். நோயாளர் நோவினால் கதறும்வரை காத்திராது, குறித்த நேரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்கும் வழக்கத்தை அங்குதான் அவர் கண்டார். 1967 இல் அவர் நிறுவிய புனித கிறிஸ்தோப்பர் இல்லம் அவ்வழக்கத்தை ஆய்வின் துணையுடன் அறிவியலாக்கியது. உடல், உளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கு கூறுகளும் இணைந்த 'முழு நோவு' என்ற கருத்தையும் அவர் முன்வைத்தார். அவரது சமயப் பற்று எமக்கு உடன்பாடானதா என்பது வேறு விடயம். நோயாளரின் படுக்கை அருகே பிறந்த நடைமுறை அறிவே பின்னர் மருத்துவக் கோட்பாடாக உயர்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி வினாக்கொத்துக்கு வருவோம். தாதியருக்கான நோய்த் தணிப்புப் பராமரிப்பு அறிவுத் தேர்வு என்பது 1996 இல் கனடாவில் வெளியிடப்பட்டது. இருபது கூற்றுக்களைக் கொண்ட அதனைப் பல நாடுகளின் ஆய்வாளர் மொழிபெயர்த்துப் பயன்படுத்தியுள்ளனர். ஒவ்வொரு கூற்றுக்கும் 'சரி', 'பிழை', 'தெரியாது' என்ற மூன்றில் ஒன்றை மாணவர் தெரிவு செய்தல் வேண்டும். தத்துவமும் கொள்கைகளும், நோவு முதலிய அறிகுறிகளைக் கட்டுப்படுத்தல், உளசமூக அம்சங்கள் என மூன்று பகுதிகள் அதில் அடங்கும். உளசமூகப் பகுதியிலேயே மாணவர் மிகக் குறைந்த புள்ளிகளைப் பெறுவதாக ஆய்வுகள் பல காட்டுகின்றன. இக்கூற்றுக்களிற் சிலவற்றை எடுத்து நோக்குவோம்.

இப்பராமரிப்பை வழங்குவோர் உணர்ச்சி ஒட்டின்றி விலகி நிற்றல் வேண்டும் என்பது ஒரு கூற்று. 'பிழை' என்பதே எதிர்பார்க்கப்படும் விடை. 'சரி' என எழுதும் மாணவி ஒருத்தியை அறியாதவள் எனக் கொள்ளலாமா? நோயாளர் முன் கண்ணீர் விடலாகாது, ஒருவரது கட்டிலருகே அதிக நேரம் நிற்கலாகாது, நோயின் நிலை பற்றி வைத்தியரே பேசுவார் என்று நோயாளர் விடுதி அவளுக்கு நாள்தோறும் கற்பிக்கின்றது. அவள் எழுதிய விடை, கற்றதன் விளைவேயாகும். வகுப்பறைப் பாடத்திட்டத்துக்கு அப்பால், விடுதியின் அதிகாரப் படிநிலை நடத்தும் எழுதப்படாத பாடத்திட்டம் ஒன்று உண்டு. வினாக்கொத்து அளப்பது அவ்விரண்டாம் பாடத்திட்டத்தின் வெற்றியையே.

மரணம் நிகழும்வரை உறவினர் படுக்கையருகே இருத்தல் இன்றியமையாதது என்பது இன்னொரு கூற்று. இதற்கும் 'பிழை' என்பதே விடை. இறுதி மூச்சின்போது பிள்ளைகள் அருகிருத்தலைக் கடமையாகக் கொள்ளும் ஒரு சமூகத்தில் வளர்ந்த மாணவி 'சரி' என எழுதுவாளாயின், அவளது குடும்ப அமைப்பு பற்றிய உண்மையையே எழுதுகின்றாள். இங்கு மதிப்பிடப்படுவது மருத்துவ அறிவா, குடும்ப வழக்கமா என்பது தெளிவாக இல்லை.

துன்பமும் உடல் நோவும் ஒரே பொருளன எனும் கூற்று மொழி நோக்கில் சுவையானது. 'பிழை' என்பதே விடை. தமிழிலோ 'நோய்' என்னும் சொல் தொன்மைக் காலந்தொட்டு இரண்டையும் உட்கொண்டது. அக இலக்கியத்தில் பிரிவுத் துயரும் நோயே. எமது பேச்சு வழக்கிலும் உடலும் 'நோகும்', மனமும் 'நோகும்'. சோண்டர்ஸின் 'முழு நோவு' என்ற கருத்தை நன்கு உள்வாங்கிய மாணவி ஒருத்தியே இக்கூற்றைச் 'சரி' எனக் குறித்துப் புள்ளியை இழக்கவும் கூடும்.

இவற்றால் வினாக்கொத்து பயனற்றது என நாம் கூற வரவில்லை. அதில் உள்ள மருந்தியற் கூற்றுக்கள் உயிர்ப் பிரச்சினைகள். மோர்பின் பெறுவோருக்கு மலச்சிக்கலைத் தடுக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும் என்பதை அறியாத தாதி ஒருவரின் கையில் நோயாளர் படும் வேதனை உண்மையானது. களைப்பும் பதற்றமும் நோவைத் தாங்கும் வரம்பைக் குறைக்கும் என்பதும் அத்தகையதே. பிழையான விடைகளெல்லாம் ஒரே தன்மையன அல்ல என்பதும், அவற்றைத் தனிமனிதக் குறைபாடாக மட்டும் காண்பது போதாது என்பதுமே எமது கருத்து.

இவ்விடத்து மிக முக்கியமான கூற்றுக்கு வருகின்றோம். நோவுக்காக மோர்பினை நீண்ட காலம் பயன்படுத்துமிடத்து, அதற்கு அடிமையாதல் பெரும் பிரச்சினையாகும் என்பது அக்கூற்று. தேர்வு எதிர்பார்க்கும் விடை 'பிழை'. மாணவர் பலர் 'சரி' எனக் கருதுகின்றனர். இவ்வச்சத்துக்கு நெடிய வரலாறு ஒன்றுண்டு.

இந்தியாவை எடுத்துக்கொள்வோம். கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்திலும் பீகாரிலும் அபின் பயிர்ச்செய்கையைத் தன் ஏகபோகமாக்கியது. அவ்வபின் சீனத்துக்குச் சென்றது. அவ்வணிகத்தின் இரட்டை முகத்தை மார்க்ஸ் 1858 இல் நியூயோர்க் நாளிதழ் ஒன்றில் எழுதிய கட்டுரைகளில் அம்பலப்படுத்தினார். விடுதலைக்குப் பின்னும் இந்தியா சட்டபூர்வமாக அபின் விளைவிக்கும் நாடாக விளங்குகின்றது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரச ஆலைகள் உள்ளன. விளைவில் பெரும்பகுதி ஏற்றுமதிக்காகவே பயன்பட்டு வந்தது. ஆயின் 1985 இல் போதைப் பொருட்கள் பற்றி இயற்றப்பட்ட சட்டம் கடுந்தண்டனைகளை விதித்தது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட பல அனுமதிப் பத்திரங்களும் தேவைப்பட்டன. வைத்தியசாலைகள் மோர்பினைக் கைவிட்டன. 1985 க்கும் 1997 க்கும் இடையில் மருத்துவ மோர்பின் பாவனை ஏறத்தாழ 97 சதவீதம் வீழ்ந்து, ஆண்டுக்கு 18 கிலோகிராம் என்ற அளவுக்குச் சுருங்கியது. அச்சட்டம் 2014 இல் திருத்தப்பட்டது. பிறர் நோவைத் தணிக்கும் பொருளை விளைவித்த நாட்டிலே, சொந்த மக்கள் அதன்றி இறந்தனர். அவ்வாண்டுகளில் பயின்ற தாதியர், வாய்வழி மோர்பினால் நோவு தணிந்த நோயாளரைக் காணும் வாய்ப்பு எவ்வளவினதாக இருந்திருக்கும்? காணாத ஒன்றைப் பற்றி எழும் அச்சம் இயல்பானது.

உலகளாவிய நிலையும் இதுவே. நோய்த் தணிப்பு பற்றி 'லான்செற்' ஆய்விதழ் அமைத்த ஆணைக்குழு 2017 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. உலகில் ஆண்டுதோறும் விநியோகிக்கப்படும் மோர்பின் வகை மருந்துகள் 298.5 தொன் எனவும், அதில் மிக வறிய நாடுகளைச் சென்றடைவது 0.1 தொன் மட்டுமே எனவும் அது கணித்தது. கடும் துன்பத்துக்குள்ளாகும் 6 கோடியே 10 இலட்சம் மக்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தோர். சாதாரண வாய்வழி மோர்பின் மலிவானது. அதன் மலிவே அதற்குப் பகையாகின்றது: மிகுந்த இலாபம் தராத பண்டத்தை ஊக்கிச் சந்தைப்படுத்த முன்வருவோர் இலர். மறுபுறம், வட அமெரிக்காவில் 1990 களின் பிற்பகுதி முதல் விலையுயர்ந்த ஒபியோயிட் மாத்திரைகள் இலாப நோக்கில் தடையின்றிப் பரப்பப்பட்டமை பேரழிவை விளைவித்தது. ஓரிடத்தில் மிகையும் இன்னோரிடத்தில் இன்மையும் ஒரே பொருளாதார ஒழுங்கின் இரு விளைவுகள் என்பது வெளிப்படை.

இந்நிலை மாற்றத்தக்கதே என்பதற்குக் கேரளம் சான்றாகும். 1993 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வைத்தியர் எம். ஆர். இராஜகோபால், வைத்தியர் கே. சுரேஷ்குமார் முதலியோரின் முயற்சியால் நோவு, நோய்த் தணிப்புச் சிகிச்சைச் சங்கம் தொடங்கப்பட்டது. வைத்தியசாலைக்கு வர இயலாதோரே பலர் என்பதை அனுபவம் உணர்த்தியது. 2001 அளவில் அயலவர் வலையமைப்பு உருவாயிற்று; அயலில் வாழும் சாதாரண மக்கள் பயிற்சி பெற்றுத் தாதியருடன் வீடுகளுக்குச் சென்றனர். 1996 இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் உள்ளூராட்சி அமைப்புகளுக்கு நிதியும் அதிகாரமும் வழங்கியிருந்தது. அந்நிலத்தில் இம்முயற்சி வேரூன்றியது. 2008 இல் மாநில அரசு நோய்த் தணிப்புக் கொள்கையை அறிவித்தது. அதன்வழி ஊராட்சிகளின் பொறுப்பில் வீட்டுப் பராமரிப்பு விரிவடைந்தது.

இவ்வமைப்பில் வீடு வீடாகச் செல்பவர் பெரும்பாலும் தாதியே. கட்டிலருகே அமர்ந்து பேசுபவரும், புண்ணைக் கழுவுபவரும், அடுப்பில் உலை ஏறவில்லை என்பதைக் கவனித்து ஊராட்சிக்கு அறிவிப்பவரும் அவரே. இப்பணியில் உடன்செல்லும் மாணவிக்கு உளசமூக அம்சம் என்பது மனனம் செய்ய வேண்டிய தலைப்பன்று. அறிவு நடைமுறையினின்றும் பிறக்கின்றது என்ற அடிப்படை உண்மை இங்கு மீண்டும் மெய்ப்பிக்கப்படுகின்றது.

அதே வேளையில் இதனை இலட்சியமயப்படுத்தலும் தவறாகும். தொண்டுணர்வைப் போற்றும் குரல், ஊதியம் பற்றிய கேள்வியை அமுக்கிவிடக்கூடும். மக்களின் பரிவு கிடைக்கின்றது என்பதைக் காட்டி அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவவும் கூடும். வீட்டில் நோயாளரைப் பார்ப்பவர் பெரும்பாலும் பெண். விடுதியில் பார்ப்பவரும் பெரும்பாலும் பெண். அவ்வுழைப்பை இயல்பான தாய்மைக் குணம் எனப் புகழ்ந்து கூலியைக் குறைப்பது பழைய தந்திரம்.

முற்போக்காளரிடையே ஓர் ஐயம் எழலாம். நோய்க்குக் காரணமான வறுமையையும் சுரண்டலையும் ஒழிக்கப் போராடுவதை விட்டு, இறப்போருக்கு ஆறுதல் தேடுவது சீர்திருத்தவாதம் ஆகாதா? மதத்தை மார்க்ஸ் அபினுக்கு உவமித்ததையும் சிலர் நினைவூட்டலாம். அவர் அவ்வாறு எழுதிய 1844 இல் அபின் வீடுகளில் வழங்கிய நோவு மருந்துமாகும் என்பதையும், ஒடுக்கப்பட்டோரின் துயரம் பற்றியே அவ்விடத்தில் அவர் பேசினார் என்பதையும் மறத்தலாகாது. நாளைய சமூகத்தின் பெயரால் இன்று ஒரு தொழிலாளி நோவினால் துடித்து இறப்பதை நியாயப்படுத்த முடியாது. வசதி படைத்தோர் தனியார் வைத்தியசாலைகளில் தணிப்பை விலைக்குப் பெறுகையில், ஏனையோருக்கு அது கிட்டாமை வர்க்கப் பிரச்சினையே.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். நான்காமவரே அருகிருந்து பராமரிப்பவர். அவரும் ஏனைய மூன்றுடன் ஒப்ப வைத்து எண்ணப்படுகின்றார். இன்றைய வைத்தியசாலைப் படிநிலையில் அவ்வொப்புமை இல்லை.

இலங்கையிலும் 2019 முதல் 2023 வரையான காலத்துக்கென நோய்த் தணிப்புப் பராமரிப்பு வளர்ச்சிக்கான தேசிய மூலோபாயச் சட்டகம் ஒன்று வகுக்கப்பட்டது. இலவச சுகாதார சேவை மரபைக் கொண்ட எமது நாட்டில் இதற்கான அடித்தளம் உண்டு. ஆயின் பாடவேளைகளைக் கூட்டுவதுடன் பணி முடிவடையாது. மாணவர் பயிலும் விடுதியில் மோர்பின் இருத்தல் வேண்டும். நோவை அளந்து குறிக்கும் தாதியின் குறிப்பை வைத்தியர் ஏற்றுச் செயற்படுதல் வேண்டும். நோயாளரின் வீடுவரை செல்லும் பயிற்சி மாணவருக்குக் கிடைத்தல் வேண்டும். அப்பணிக்கு நியாயமான ஊதியம் வேண்டும். இவை நிறைவேறிய பின் அதே இருபது கூற்றுக்களை மாணவர் முன் வைத்துப் பார்க்கலாம். இவை இல்லாதவிடத்து, அவர்கள் இடும் 'தெரியாது' என்ற குறிக்கு அவர்களை மட்டும் பொறுப்பாக்குதல் நேர்மையாகாது.