மலிவான ரிக்கெற் எடுத்து மாமியை அலையவிட்ட கதை

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் என் மாமி தன் மகனைப் பார்க்கத் திருச்சிக்குப் போனார். 2010இல் முகாமிலிருந்து வெளியே வந்த கையோடு நாட்டைவிட்டுப் போன மகன் இப்போது பிரான்ஸில் அகதி அந்தஸ்துடன் இருக்கிறான். அவனுடைய பயண ஆவணத்தை வைத்துக்கொண்டு வேறு நாடுகளுக்குப் போகலாம், இலங்கைக்கு மட்டும் வரமுடியாது. ஆகவே தாயும் மகனும் சந்திப்பதற்கு இந்தியாவில் ஓர் இடம் பார்க்கவேண்டியிருந்தது. அவனுக்குக் கிடைத்த விடுமுறையில் ஏழு நாட்கள்தான் தாயோடு இருக்கமுடியும். பதினான்கு வருடங்களுக்குப் பிறகு ஏழு நாட்கள்.

ரிக்கெற் எடுத்துக் கொடுத்தது நான்தான். கொழும்பிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருந்தது. ஆனால் கொழும்பு - சென்னை ஒரு ரிக்கெற், சென்னை - திருச்சி இன்னொரு ரிக்கெற் என்று வெவ்வேறு நிறுவனங்களில் எடுத்தால் எட்டாயிரம் ரூபாய் மிச்சம் வரும் என்று இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொழும்பு விமானம் இரண்டரை மணித்தியாலம் தாமதமாகப் புறப்பட்டது. மாமி சென்னையில் குடிவரவு முடித்து, பெட்டியை எடுத்து, உள்நாட்டு முனையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது திருச்சி விமானம் போய்விட்டிருந்தது. இரண்டும் தனித்தனி ரிக்கெற் என்பதால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பில்லை. பணமும் இல்லை, மாற்று இருக்கையும் இல்லை. மாமி அன்றிரவு கதிரையிலேயே இருந்தார். அடுத்தநாள் தூரத்து உறவுக்காரர் ஒருவர் வந்து பேருந்தில் ஏற்றிவிட்டார். திருச்சியில் முன்பணம் கட்டிய அறைக்கு ஒருநாள் வாடகை வீண். ஏழு நாட்கள் ஆறு நாட்களாகின. "பரவாயில்லை பிள்ளை, வந்து சேர்ந்திட்டன்தானே" என்று மாமி தொலைபேசியில் சொன்னார். அதற்குப் பிறகுதான் இந்த விடயத்தை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது, இடையில் விமானம் மாறும் பயணம் ஒரே முன்பதிவு இலக்கத்தின் கீழ் இருக்கவேண்டும் என்பது. அப்படி இருந்தால் முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களை வேறொன்றில் ஏற்றிவிடுவது அவர்களின் வேலை. பெரும்பாலும் பெட்டியும் நேராகக் கடைசி இடத்துக்குப் போய்விடும். தனித்தனியாக எடுத்தால் இடையிலுள்ள நாட்டுக்குள் நுழைந்து வெளியேற விசாவும் தேவைப்படலாம். பெட்டியின் நிறையும் ஒத்துவராது. இந்திய உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான். மாமியின் பெட்டியிலோ மகனுக்கென்று ஒடியல், மிளகாய்த்தூள், கருவாடு, மோர்மிளகாய். விமானத்தைத் தவறவிடாமல் இருந்திருந்தாலும் மிதமிஞ்சிய நிறைக்கு நான் மிச்சம்பிடித்த எட்டாயிரத்தில் பாதி போயிருக்கும்.

ஐரோப்பா வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறுவதற்குக்கூட இலங்கைக் கடவுச்சீட்டுக்காரரிடம் ஷெங்கன் நாடுகள் விசா கேட்கும். பிரித்தானியாவும் அப்படித்தான். செல்லுபடியாகும் கனடா, அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. மலிவாகத் தெரியும் ரிக்கெற் எந்த ஊர் வழியாகப் போகிறது என்று பார்க்காமல் பணம் கட்டினால், கட்டுநாயக்கவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விலை ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்று பலர் கேட்கிறார்கள். ஒரே விமானத்தின் ஒரே வகுப்பு இருக்கைகளைப் பல விலைப்படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கீழ்ப்படி விற்று முடிந்ததும் அடுத்த படி திறக்கும். இதில் குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. கீழ்ப்படியில் இரண்டு இருக்கைகள்தான் மிச்சம் என்றால், நீங்கள் நான்கு பேருக்கென்று தேடும்போது நால்வருக்கும் மேல்படி விலையைத்தான் காட்டும். ஒருமுறை ஒருவருக்கு மட்டும் தேடிப்பாருங்கள். விலை குறைந்தால் இரண்டிரண்டாக எடுக்கலாம். சிறுபிள்ளைகளோடு போகும்போது மட்டும் இதைச் செய்யாமல் விடுவது நல்லது. நல்லூர்த் திருவிழாக் காலமும் ஐரோப்பாவின் கோடை விடுமுறையும் ஒன்றாக வரும் ஜூலை, ஓகஸ்டிலும், டிசம்பரிலும் எந்தத் தந்திரமும் பெரிதாக எடுபடாது. முந்தி எடுப்பதுதான் வழி.

முகவரிடம் எடுப்பதா, நாங்களே எடுப்பதா? ஆங்கிலத்தில் தொலைபேசியில் சண்டை பிடிக்கமுடியாத வீட்டுக்கு நல்ல முகவர் ஒருவர் பெறுமதியானவர். ஆனால் முன்பதிவில் அவருடைய தொலைபேசி இலக்கத்தோடு உங்களுடையதையும் போடச்சொல்லுங்கள். விமான நேரம் மாறினால் வரும் குறுஞ்செய்தி முகவரின் கைபேசியில் தூங்கிக்கொண்டிருக்கக்கூடாது. பெயரையும் நீங்களே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு, கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று எங்கள் பெயர்கள் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ரிக்கெற்றில் கடவுச்சீட்டில் உள்ளபடி மட்டுமே இருக்கவேண்டும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை தன் வங்கி அட்டையில் எடுத்து அனுப்பினால், சில நிறுவனங்கள் அந்த அட்டையைக் காட்டச்சொல்லிக் கேட்கும். எடுக்கும்போதே நிபந்தனையை வாசித்துவிடுங்கள்.

மாமியின் வலது தொடையில் 2009இல் பட்ட செல் பீஸ் ஒன்று இன்னும் இருக்கிறது. கட்டுநாயக்கவில் சோதனை வாயிலைக் கடந்தபோது கருவி சத்தம் போட்டது. யாரும் கேட்காமலே மாமி இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருக்கிறார். ஓமந்தையில் நின்ற மாதிரி நின்றேன் என்று பிறகு சொன்னார். இதற்கு ஒரு சின்ன ஏற்பாடு போதும். அரச வைத்தியசாலையில் அல்லது குடும்ப வைத்தியரிடம் உடலில் உலோகத் துண்டு இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி, கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் இருந்தாலும் சோதிப்பார்கள், ஆனால் காரணம் சொல்ல வார்த்தை தேடத் தேவையில்லை. செயற்கைக்கால் போட்டிருப்பவர்கள் தனி அறையில் சோதிக்கும்படி கேட்கலாம்.

சக்கரநாற்காலி உதவிக்குப் பொதுவாக மேலதிகப் பணம் இல்லை. குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன்னர் சொல்லவேண்டும். இதில் மூன்று வகை உண்டு: படி ஏறக்கூடியவர், படி ஏறமுடியாதவர், இருக்கை வரை தூக்கிச்செல்லவேண்டியவர். எது என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் பலாலி போன்ற இடத்தில் சிக்கல் வரும், அங்கே சிறிய விமானத்துக்குப் படியில்தான் ஏறவேண்டும்.

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவோடு நின்ற சேவை 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. (காணிகளை அந்தப் பக்கம் விட்டுவிட்டு இன்னும் காத்திருப்பவர்கள் வலி வடக்கில் இருக்கிறார்கள் என்பதையும் எழுதாமல் போகமுடியவில்லை.) கொழும்பு விமானத்தோடு ஒப்பிட்டால் பலாலி ரிக்கெற் சிலநாட்களில் விலை கூடத் தெரியும். அப்போது பேருந்துக் காசு, கொழும்பில் ஓர் இரவு அறை, துணைக்குப் போகிறவரின் செலவு மூன்றையும் கூட்டிப்பாருங்கள். பெரும்பாலும் கணக்குத் தலைகீழாகும்.

கட்டாயம் கட்டுநாயக்கதான் என்றால் வெள்ளவத்தைக்குப் போய்த் தங்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வழியாகப் போகும் இரவுப் பேருந்தா என்று கேட்டு ஏறி, கட்டுநாயக்கவில் இறக்கச் சொல்லிவைக்கலாம். எங்கள் முதியவர்கள் பலருக்கு லொட்ஜ் என்ற சொல்லே பயம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்காலையில் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்தநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஏற்றப்பட்டவர்களில் வெளிநாடு போக விசாவுக்கும் ரிக்கெற்றுக்கும் காத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

அதனால்தான் இந்தியாவில் அறை எடுக்கும்போது கடவுச்சீட்டு வாங்கி, விசாவைப் பிரதி எடுத்து, படம் பிடிக்கும்போது மாமி திருச்சியில் நடுங்கியிருக்கிறார். அது எல்லா வெளிநாட்டவருக்குமான நடைமுறை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். இதற்குப் பஞ்சிப்பட்டுச் சிறிய விடுதிகள் இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்று சொல்லிவிடும். முன்பதிவு செய்தபிறகும் விடுதிக்கே தொலைபேசி எடுத்து வெளிநாட்டவரை ஏற்பீர்களா என்று கேளுங்கள். இணையத்தில் பார்த்த விலையைச் சொல்லி நேரடியாக எடுத்தால் குறைப்பீர்களா என்றும் அதே அழைப்பில் கேட்கலாம். வரி சேர்த்த விலையா, அதிகாலையில் வந்தால் அறை தருவீர்களா என்பவற்றையும் விடாதீர்கள். ஒரு கிழமைக்கு மேல் குடும்பமாகத் தங்குவதென்றால் சமையலறையுள்ள வாடகை வீடு மலிவு. பிள்ளைக்குத் தாய் சமைத்துப் போடவும் முடியும். விசா கையில் வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவைத் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள். அகதிப் பயண ஆவணத்தில் வருகிற பிள்ளைக்கு இந்திய இணையவழி விசா கிடைக்காது, தூதரகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். அது முடிந்தபிறகே தாயின் ரிக்கெற்றைப் பாருங்கள்.

இந்த முறை மாமிக்குப் பலாலி - திருச்சி எடுத்திருக்கிறேன். வைத்தியர் கடிதம், விடுதி முகவரி, மகனின் இலக்கம், என் இலக்கம் எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதிக் கைப்பையில் வைத்தாயிற்று. கருவாட்டை நிறுத்துப் பார்த்தோம், நாலு கிலோ. ஒரு கிலோவைக் குறைக்கச் சொன்னேன். மாமி தன்னுடைய இரண்டு சேலைகளை வெளியே எடுத்துவைத்தார்.