அனுப்பியவருக்கு என்ன திரும்பி வந்தது?

1980-களில், பழைய வட ஆற்காடு மாவட்டத்து டாக்டர்களின் மேஜையில் ஒரு கட்டு அஞ்சலட்டை இருக்கும். முகவரி முன்பே அச்சிடப்பட்டது. இளம்பிள்ளை வாதம், தொண்டை அடைப்பான், மூளைக்காய்ச்சல் போன்ற நோய்களில் ஒன்றோ என்று சந்தேகம் வந்தால், அட்டையில் சில விவரங்களைக் கிறுக்கித் தபால்பெட்டியில் போட்டுவிட வேண்டியதுதான். ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்; சந்தேகமே போதும். அரசு ஆஸ்பத்திரி, தனியார் கிளினிக் என்ற பேதமும் இல்லை. அட்டைகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேரும். அங்கே வைரஸ் ஆய்வுத் துறையில் பேராசிரியராக இருந்த டி. ஜேக்கப் ஜான் இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார். கேஸ்கள் ஒரே பக்கத்திலிருந்து வரத் தொடங்கினால் சுகாதாரத் துறைக்குத் தகவல் போகும்.

இதுவரை கேட்டால் சாதாரணம். அடுத்தது அவ்வளவு சாதாரணமில்லை. அட்டை எழுதிய டாக்டர்களுக்கு மாதாமாதம் ஒரு செய்திமடல் வரும். ‘நதி’ என்று பெயர். வட ஆற்காடு மாவட்ட சுகாதாரத் தகவல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மாவட்டத்தில் எந்த நோய் எங்கே தலைகாட்டியது என்று அதில் இருக்கும். குடியாத்தத்தில் கிளினிக் நடத்தும் ஒருவர், தான் போட்ட அட்டை ஒரு கணக்கில் சேர்ந்திருப்பதைப் பார்ப்பார். அடுத்த அட்டையையும் எழுதுவார். தனியார் டாக்டர்களிடமிருந்து தகவல் வாங்குவதுதான் இந்தியப் பொதுச் சுகாதாரத்தில் இன்றுவரை ஆகாத காரியம். அதை ஓர் அஞ்சலட்டையும் ஒரு செய்திமடலும் ஓரளவு சாதித்தன. 1998-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ், வளரும் நாடுகளுக்கான முன்மாதிரியாக இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. கேரளத்தின் கோட்டயம் மாவட்டமும் பின்னர் இதே வழியில் போனது.

இன்று செயலிகள், இணையதளங்கள், சுவரளவு திரையில் ஒளிரும் டாஷ்போர்டுகள் என்று எங்கேயோ வந்துவிட்டோம். ஆனாலும், சுகாதாரத் துறையின் எந்தப் புதிய மென்பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி அந்த வேலூர் காலத்துக் கேள்விதான்: தகவலை அனுப்புகிறவருக்கு என்ன திரும்பி வருகிறது?

2004-ல் மத்திய அரசு நாடு தழுவிய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள்: களப்பணியாளருக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று. வாரம் ஒருமுறை எண்ணிக்கை மேலே போகும். 2021 ஏப்ரலில் வந்த புதிய இணையதளத்தில் வாரக் கணக்கு தினக் கணக்காயிற்று. வெறும் எண்ணிக்கைக்குப் பதிலாக ஒவ்வொரு நோயாளியின் விவரமும் ஏறுகிறது. வேகம் கூடியது நல்லதுதான். ஆனால் ‘இன்று பூஜ்யம்’ என்று எழுதி அனுப்பும் துணை சுகாதார நிலையத்துக்கு அந்தப் பூஜ்யத்தை வைத்து யார் என்ன செய்தார்கள் என்று தெரியாதவரை, பூஜ்யம் எழுதுவது சுலபமாகவே இருக்கும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி கூர்மையாக எழும் இடம் ‘பிக்மி’. கர்ப்பிணிகளையும் பச்சிளங்குழந்தைகளையும் தொடர்ந்து கண்காணிக்கும் மாநில அரசின் கணினிப் பதிவு அது. கர்ப்பம் உறுதியானதும் பெண்ணுக்கு 12 இலக்க எண் ஒன்று தரப்படுகிறது. 2017 அக்டோபர் முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேண்டும் என்றாகிவிட்டதால், தனியார் மருத்துவமனைக்குப் போகிற வசதியான குடும்பங்களுக்கும் ‘பிக்மி நம்பர்’ பழகிப்போன சொல்.

இந்தப் பதிவு ஏன் தேவைப்பட்டது என்பதை நம் வழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் உடனே புரியும். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் ஊர்ச் சட்டம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அங்கேதான் அவள் கர்ப்பத்தைப் பதிவு செய்கிறாள்; ரத்தசோகை இருப்பதும், ஐந்தாம் மாதத்தில் பிரஷர் கொஞ்சம் ஏறியதும் அங்குள்ள நர்ஸம்மாவின் நோட்டில் இருக்கிறது. வளைகாப்பு முடிந்ததும் விருதுநகர் பக்கத்துத் தாய்வீட்டுக்குப் பஸ் ஏறுகிறாள். நோட்டு திருப்பூரிலேயே இருக்கிறது. ஆபத்து அதிகமான கடைசி மூன்று மாதம் அவளைப் பார்த்துக்கொள்ளப்போகும் செவிலியருக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. எண்ணைத் தட்டினால் பழைய பிரஷர் கணக்கு கண்முன் வரும் என்றால், அது ஓர் உயிருக்குச் சமம். கர்ப்பிணிகள் இடம்பெயர்வதை இயல்பு என்று ஏற்றுக்கொண்ட பதிவுமுறைதான் தமிழ்நாட்டுக்குப் பொருந்தும்.

2018–20 காலகட்டத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்திய சராசரி 97. இதற்கெல்லாம் பிக்மிதான் காரணம் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 108 ஆம்புலன்ஸ், ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் தணிக்கை செய்யும் பழக்கம் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. 2019–21 குடும்ப நல ஆய்வில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. கணினி அந்தக் கட்டமைப்பின் மேல் ஏறி உட்கார்ந்தது; அதைக் கட்டவில்லை.

இதில் அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. எண்ணை ஏற்றுவது யார்? சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர். காலையில் தடுப்பூசி, மதியம் வீடு வீடாகப் பார்வை. மிச்ச நேரத்தில் பதிவேடு. அதே விவரத்தை மறுபடி கணினியில் ஏற்ற வேண்டும். பதிவேட்டை நிறுத்திவிடவும் முடியாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் இந்தப் பதிவை ஒட்டியே தவணைகளாக நகர்கிறது. பணம் வரவில்லை என்றால் அந்தப் பெண்ணின் மாமியார் கேட்பது சர்வரை அல்ல, தெருவில் வரும் நர்ஸம்மாவை. மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்த ஒரு காட்சியை மனதில் வைத்து வேலை செய்தால் பாதிப் புகார் குறையும்.

பிறப்புச் சான்றிதழைப் பூட்டாக மாட்டியது பற்றியும் எனக்கு இரண்டு மனம் உண்டு. பதிவு கூடியது, மறுப்பதற்கில்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் கவனிப்பதற்காக உண்டான எண், குழந்தை பிறந்த பிறகு சான்றிதழுக்காக வாங்கப்படும் எண்ணாகச் சில வீடுகளில் மாறிவிட்டது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போகிற குடும்பங்களுக்கு இந்தப் பூட்டு இன்னும் இறுக்கம்.

தகவல் அனுப்பியவருக்கே உடனடியாகப் பலன் தந்த ஏற்பாடு என்றால், நம் கையிலேயே ஒன்று இருக்கிறது. 1994-ல் பதிவாகி, 1995 தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து வழங்கும் நிறுவனம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். இந்த ஆண்டு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம், இதுவரை இவ்வளவு எடுத்தாயிற்று, மீதி இவ்வளவு. எந்த மருந்து வேண்டும் என்பதை மருத்துவமனை முடிவு செய்யும். கிடங்கின் இருப்பு குறைவதைக் கணினி சென்னைக்குச் சொல்லும். மருந்தின் மாதிரி ஆய்வகத்துக்குப் போகும்போது தயாரித்த கம்பெனியின் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். ஆஸ்பத்திரிக்கு இதில் கிடைத்தது மாத்திரை. அதனால்தான் யாரும் வற்புறுத்தாமலே பாஸ்புக் சரியாக எழுதப்பட்டது. கேரளமும் ராஜஸ்தானும் இந்த வழியில் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. சுகாதாரத் தகவல் தொழில்நுட்பம் என்று கருத்தரங்குகளில் பேசும்போது இந்தப் பாஸ்புக்கை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பார்க்க அழகாக இல்லை என்பது தவிர வேறு காரணம் தெரியவில்லை.

எதிர்த் திசையில் போனது, கொரோனா தடுப்பூசிக்கான மத்திய அரசின் இணையதளமான கோவின். 2021 மே மாதம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி திறக்கப்பட்டபோது, இணையத்தில் முன்பதிவு கட்டாயம் என்றார்கள். அதாவது, தரவை ஏற்றும் வேலை செவிலியரிடமிருந்து குடிமக்களுக்கே மாற்றப்பட்டது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் காலி இடம் வந்தவுடன் டெலிகிராமில் மணியடிக்கும் பாட் செய்துகொண்டார்கள். சாதா செல்போன் வைத்திருந்தவர்கள் பக்கத்து வீட்டுப் பையனைத் தேடினார்கள். உச்ச நீதிமன்றமே மே 31-ம் தேதி உத்தரவில் இந்த டிஜிட்டல் இடைவெளியைக் கேள்வி கேட்டது. ஜூனில் மாநில மொழிகள் சேர்க்கப்பட்டபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. சத்தம் போட்ட பிறகு வந்தது. நேரில் வந்தாலே ஊசி என்று விதி தளர்ந்த பிறகுதான் கூட்டம் பரவலானது. சான்றிதழ் நொடியில் செல்போனுக்கு வந்தது என்ற பாராட்டு கோவினுக்கு நியாயமாகவே சேரும். 2023 ஜூனில், செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஊசி போட்டவரின் விவரத்தைக் கக்கும் பாட் ஒன்று வெளிப்பட்டபோது, இணையதளம் பாதுகாப்பாகவே இருக்கிறது என்று மத்திய அரசு மறுத்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதே ஆண்டு ஆகஸ்டில்தான் வந்தது. நூறு கோடிப் பேரின் விவரத்தை முதலில் திரட்டிவிட்டு, சட்டத்தை அப்புறம் எழுதிய நாடு நாம்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் வேறு கதை. 2020 ஜனவரி கடைசியில் இலங்கையில் முதல் கொரோனா நோயாளி, ஒரு சீனச் சுற்றுலாப் பயணி, கண்டறியப்பட்டார். நாட்டுக்குள் வருகிற பயணிகளைப் பின்தொடர்வதற்கான பதிவுமுறையை, கையில் ஏற்கெனவே இருந்த ‘டி.எச்.ஐ.எஸ்.2’ என்ற திறந்த மூல மென்பொருளிலேயே சில நாட்களில் உருவாக்கிவிட்டார்கள். அந்த மென்பொருள் நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் முளைத்து, நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. இலங்கையின் வடிவத்தை ஓஸ்லோ எடுத்து மற்ற நாடுகளுக்குக் கொடுத்தது. பல பத்து நாடுகள் பயன்படுத்தின. பணக்கார நாடு ஒன்றிலிருந்து இது வரவில்லை என்பதில் வியப்பில்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் டாக்டர்களுக்கே மருத்துவத் தகவலியலில் முதுநிலைப் படிப்பு நடத்திவருகிறது. ஓ.பி.யில் உட்கார்ந்து பழகிய டாக்டரே படிவத்தை வடிவமைத்தால், தேவையில்லாத கட்டங்கள் தாமாகவே காணாமல் போகும். நம் ஊரில் டாக்டர் ஒரு பக்கம், டெண்டர் எடுத்த கம்பெனி ஒரு பக்கம்.

அண்மைக்காலத்தில் தமிழ்நாட்டில் நடந்தவற்றில், வேலூர் அட்டையின் நேர் வாரிசு என்று நான் சொல்லக்கூடியது 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பிலாத் திட்டம்’. காசநோயாளிகளுக்கான நாடு தழுவிய ‘நிக்‌ஷய்’ பதிவு 2012 முதலே இருக்கிறது. யாருக்கு நோய், என்ன மருந்து, எப்போது முடிந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. அதில் இறந்தவர்களின் கணக்கும் உண்டு. அது மேலே போய், அறிக்கையாகி, முடிந்துவிடும். காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் நடக்கிறது. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில், அன்றே படுக்கையில் சேர்த்திருக்க வேண்டியவர்கள் சிலர் இருந்தார்கள் என்று இதற்குப் பொருள்.

சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநில சுகாதாரத் துறையும் சேர்ந்து இதற்குக் கண்டுபிடித்த கருவி ஒரு தாள். நோய் உறுதியானவுடன் பணியாளர் ஐந்து விஷயங்களைப் பார்த்து எழுத வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, இரண்டு காலிலும் வீக்கமா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா. ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் இதற்குத் தேவையில்லை. உடல் நிறை குறியீடு 14-க்கு மேல் போகவில்லை, மூச்சு 24-ஐத் தாண்டுகிறது, ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே என்று ஒன்று தட்டினாலும் அந்த நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பி முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். தாளை எழுதியவருக்கு அந்த நிமிடமே பதில் கிடைத்துவிடுகிறது: அனுப்பலாமா, வேண்டாமா. சென்னையில் யாரும் டாஷ்போர்டைத் திறக்கும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை.

கணினி அதற்குப் பிறகுதான் வருகிறது. தீவிர நோயாளிகளுக்கென ‘டி.பி. சேவா’ என்ற தனி இணையச் செயலி. அனுப்பப்பட்டவர் போய்ச் சேர்ந்தாரா, படுக்கை கிடைத்ததா என்பதை மாவட்ட அதிகாரி அதில் பார்க்கலாம். 2025-ல் இன்னொன்று சேர்ந்தது: அதே ஐந்து விவரங்களை வைத்து, இந்த நோயாளி இறந்துபோகும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கணித்துச் சொல்லும் பகுதி. தீவிர நோயாளிகளுக்கு அது 10 முதல் 50 வரை போகிறது. மற்றவர்களுக்கு 1 முதல் 4. ஒரு மனிதரின் சாவுக்கு சதவீதம் போடுவது முதலில் உறுத்துகிறது. 50 என்று வந்தவரையும் 10 என்று வந்தவரையும் ஒரே வரிசையில் உட்காரவைக்காமல் இருக்க உதவினால், அந்த உறுத்தலைப் பொறுத்துக்கொள்ளலாம். எண் திரையில் வந்தும் ஆம்புலன்ஸ் வரவில்லை என்றால் பொறுத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

இவ்வளவுக்கும் களத்தில் வேண்டிய தளவாடம் எடை பார்க்கும் இயந்திரம், உயரம் அளக்கும் அளவுகோல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அதற்கு பேட்டரி. நிமிர்ந்து நிற்க முடியாதவருக்கு எடையையும் உயரத்தையும் சரியாக எடுக்க முடியாது. அந்தத் தாளை வடிவமைத்தவர்கள் அதையும் யோசித்திருக்கிறார்கள். நிற்க முடியவில்லை என்ற ஒரு பதிலே அவரை மருத்துவமனைக்கு அனுப்பப் போதும்.