கால்குலேட்டர் ஏமாத்துமா? நெல் கணக்கு போடும் முன் குட்டி ஸ்விட்சை பாருங்க!

தஞ்சை: தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் அறுவடை வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு கால்குலேட்டர் தட்டும் சத்தம்தான். ‘நேத்து போட்டப்ப ஒரு தொகை, இன்னிக்கு வேற தொகை வருதே’ என்று சிலர் தலையை சொறிவது உண்டு. மிஷின் பழுது என்று தூக்கிப் போட வேண்டாம். திரைக்கு கீழே இருக்கும் குட்டி ஸ்விட்ச்தான் பெரும்பாலும் காரணம்.

கடைகளில் இருக்கும் மேஜை கால்குலேட்டர் பலவற்றில் எப், 4, 2, 0, ஏ என்று எழுதியிருக்கும். புள்ளிக்கு பிறகு எத்தனை இலக்கம் காட்ட வேண்டும் என்பதை இது முடிவு செய்கிறது. ‘எப்’பில் இருந்தால் விடை முழுசாக வரும். 2ல் இருந்தால் ரூபாய், பைசா வரும். 0வில் இருந்தால் பைசாவே காணாமல் போகும். பக்கத்திலேயே இன்னொரு ஸ்விட்ச் இருக்கும். மிச்ச பைசாவை வெட்டுவதா, ஏற்றுவதா, அரையோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் ஏற்றுவதா என்பதை அது சொல்லும்.

900 ரூபாய் எங்கே?

2025-26 பருவத்துக்கு தமிழகத்தில் சன்ன ரக நெல் குவிண்டாலுக்கு ஊக்கத்தொகை சேர்த்து 2,545 ரூபாய். கிலோவுக்கு 25 ரூபாய் 45 பைசா. ஸ்விட்ச் 0வில் ‘வெட்டு’ நிலையில் இருந்தால் திரையில் 25 மட்டும் தெரியும். அதை பேப்பரில் எழுதி, 40 கிலோ மூட்டை 50க்கு, அதாவது 2,000 கிலோவுக்கு பெருக்கினால் 50,000 ரூபாய்.

உண்மையில் வரவேண்டியது 50,900. ஏற்றும் நிலையில் இருந்தால் கிலோ 26 ஆகி, 52,000 என்று காட்டி ஆசை காட்டும்!

‘ஏ’யிலும் உஷார். கூட்டும்போது 450 என்று அழுத்தினால் அது 4.50 ஆகிவிடும். பைசாவோடு பில் கூட்டுபவர்களுக்கான வசதி இது.

கமா வைப்பதிலும் குழப்பம் உண்டு. சில மிஷின் 127,250 என்று காட்டும். பயப்பட வேணாம், அது நம்ம 1,27,250தான்.

பிள்ளைகளின் கால்குலேட்டர்

பாலிடெக்னிக், இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் வைத்திருக்கும் சயின்டிபிக் கால்குலேட்டரில் ஸ்விட்ச் கிடையாது. பிக்ஸ், சயின்ஸ், நார்ம் என்று மெனுவில் வரும். கேசியோ எப்எக்ஸ்-82 எம்எஸ்சில் ‘மோட்’ பட்டனை 3 தடவை அழுத்தினால் கிடைக்கும்.

5 மில்லி மீட்டர் மழையை மீட்டராக்க 1,000ஆல் வகுத்தால், ‘நார்ம் 1’ல் 5ம், மேலே பொடியாக -03ம் வரும். ‘நார்ம் 2’ல் 0.005 என்று வரும். இரண்டும் ஒன்றுதான். பொடி எழுத்தை கவனிக்காமல் வெறும் 5 என்று எழுதினால் பரீட்சையில் மார்க் போச்சு.

இதில் ஒரு நல்ல விஷயம், ‘பிக்ஸ்’ வைத்தாலும் உள்ளே முழு எண் பத்திரமாக இருக்கும். 100ஐ 3ஆல் வகுத்தால் 33.33 தெரியும். அப்படியே 3ஆல் பெருக்கினால் 100.00 வந்துவிடும். பேப்பரில் எழுதி திரும்ப அடித்தால்தான் 99.99 ஆகும்.

சுலப வழி

நெல் கணக்குக்கு ஸ்விட்சை ‘எப்’பில் வையுங்கள். பெருக்கலை முதலில் முடித்து, வகுத்தலை கடைசியில் போடுங்கள். 2,545ஐ 2,000ஆல் பெருக்கி, பிறகு 100ஆல் வகுத்தால் 50,900 சரியாக வந்து நிற்கும். ஸ்விட்ச் எங்கே இருந்தாலும் இந்த கணக்கு தப்பாது.