ஊறிய கடலைக்குச் சுருக்கமில்லை

மாவட்ட ஆணழகன் போட்டியில் முதன்முறையாக மேடை ஏறப்போகும் ஒரு வாசகர் கேட்கிறார்: "இரண்டு நாள் முன்பிருந்தே தண்ணீரையும் உப்பையும் நிறுத்தச் சொல்கிறார் ஜிம் மாஸ்டர். தோலுக்கடியில் உள்ள நீர் வற்றினால்தான் தசைக் கோடுகள், அதாவது 'கட்', தெரியுமாம். செய்யலாமா?"

கூடாது. ஏன் என்று சொல்ல ஒரு சைக்கிளிலிருந்து தொடங்குகிறேன்.

ஸ்வீடனின் பெர்க்ஸ்ட்ரம், ஹல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தங்களையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார்கள். ஒரே பயிற்சி சைக்கிளின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்தார்கள். கால் ஓய்ந்துபோகும்வரை மிதித்தார்கள். மற்றக் காலுக்கு வேலையே இல்லை. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த சாப்பாடு. தொடையில் ஊசி செலுத்தித் துளித் துளியாகத் தசையை எடுத்துப் பார்த்தபோது, மிதித்த காலில், தசை சேமித்துவைக்கும் சர்க்கரையான கிளைகோஜன், சும்மா இருந்த காலைப்போல ஏறக்குறைய இரு மடங்கு சேர்ந்திருந்தது. 1966இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்த முடிவை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இரண்டு கால்களுக்கும் ஓடுவது ஒரே ரத்தம். ஒரே சோறு, ஒரே இன்சுலின். ஆனாலும் சர்க்கரை ஒரு காலைத் தேடிப் போயிருக்கிறது. அழைத்தது அந்தத் தசையேதான். இருப்பு தீர்ந்ததும் கிளைகோஜனைக் கோக்கும் நொதி விழித்துக்கொள்கிறது. சர்க்கரையை உள்ளே விடும் வாயில்கள் செல்லின் விளிம்புக்கு வந்துவிடுகின்றன. உள்ளே போனது வெளியே வரவும் வழியில்லை. சேமித்த சர்க்கரையை ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பும் நொதி கல்லீரலில் உண்டு, தசையில் கிடையாது. தொடையில் சேர்ந்தது தொடைக்கே.

சேர்கிற கிளைகோஜன் தனியாகவும் வருவதில்லை. ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூட்டிவருகிறது. இங்கேதான் கொண்டைக்கடலையை நினைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த கடலையின் தோலில் சுருக்கம் இருக்கும். இரவு ஊறப்போட்டால் உள்ளிருந்து பருத்துத் தோலை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும். மேடையில் தசை நிறைந்து தெரிவது இந்த ஊறல்தான். தண்ணீரை நிறுத்திவிட்டுச் சோற்றை மட்டும் அள்ளிப் போடுவது, கடலையை வெறும் பாத்திரத்தில் கொட்டி மூடிவைப்பதற்குச் சமம். அளவுக்கு மிஞ்சி ஊறினால் பாத்திரத்துத் தண்ணீர் கலங்கி நுரைக்கும். தசை கொள்ளாத அளவுக்கு மாவுச்சத்தை ஏற்றினாலும் வயிறு உப்பி, உடல் மங்கித் தெரியும்.

தண்ணீரைக் குறைத்தால் தோலடி நீர் மட்டும் வற்றும் என்பது நம்பிக்கை. உடலுக்கு அப்படிப் பிரித்தெடுக்கத் தெரியாது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர். அதுவும் சேர்ந்தே வற்றும். ரத்தத்தின் அளவு குறையும், போஸ் கொடுக்கும்போது தசைப் புடைப்பு ('பம்ப்') நிலைக்காது. உப்பை நிறுத்தினாலோ ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறி, இருக்கிற சோடியத்தைச் சிறுநீரகம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதற்கும் மேலே போய் நீர் பிரிக்கும் மாத்திரை போட்டால் பொட்டாசியம் குலைந்து இதயத் துடிப்பே தடுமாறும். 1992இல் ஹாலந்தில் நடந்த ஆணழகன் போட்டியில் வென்ற முகமது பெனாசிசா சில மணி நேரத்தில் இறந்துபோனார். உடலில் நீர் வற்றியதும் அந்த மாத்திரைகளுமே காரணமாகச் சொல்லப்பட்டன. எந்தக் கோப்பைக்கும் இந்த விலை கொடுக்கக் கூடாது.

  

மாவுச்சத்தை இப்படி ஏற்றும் 'கார்ப் லோடிங்'கையும் மந்திரமாக நம்ப வேண்டாம். 1992இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், அதைச் செய்த பாடிபில்டர்களின் தசைச் சுற்றளவு கூடவே இல்லை. கடைசி வாரம் தருவது கொஞ்சம்தான். 'கட்' தெரியாமல் மறைப்பது பெரும்பாலும் கொழுப்பு. அது மாதக்கணக்கில் மெதுவாகக் கரைய வேண்டியது. பெண் போட்டியாளர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் மாதவிலக்கு நின்றால், தயாராகிவிட்டதன் அடையாளம் அது என்று சில பயிற்சியாளர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். சாப்பாடு போதாமல் உடல் ஒரு வேலையை நிறுத்தியிருக்கிறது. உடனே மருத்துவரைப் பாருங்கள்.

வாசகருக்கு: தண்ணீரும் உப்பும் வழக்கம்போல இருக்கட்டும். போட்டிக்கு மூன்று வாரம் முன்பே ஓர் ஒத்திகை பாருங்கள். இரண்டு நாள் சோற்றை அளந்து கூட்டுங்கள். ஒரே விளக்கின் கீழ், ஒரே இடத்தில் நின்று, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை படம் எடுங்கள். தொடை எந்த நேரத்தில் நிறைவாகத் தெரிந்தது என்று குறித்துவையுங்கள். நீங்கள் மேடை ஏறும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, முதல் தட்டுச் சோற்றை எப்போது சாப்பிடுவது என்று மாஸ்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.