நாயுலாவும் ஆறு பருவங்களும்

உலா என்றவுடன் தமிழ் மாணவர்க்கு நினைவில் எழுவது, வேந்தன் யானை மீதமர்ந்து வீதிவரும் பிரபந்தமேயாகும். ஈண்டு யாம் கூறப் புகுந்தது அவ்வுலா அன்று; காலையும் மாலையும் ஊர்ப் பூங்காவிலே நாயை நடத்திச் செல்லும் எளிய உலாவே.

மனிதனோடு முதன்முதல் பழகிய விலங்கு நாய் என்பர் விலங்கு நூலார். ஞமலி, ஞாளி, சுணங்கன் எனத் தமிழில் அதற்குப் பெயர் பல. தொல்காப்பிய மரபியல் அதன் குட்டியைக் குருளை என வழங்கும். நாலடியாரோ யானையையும் நாயையும் ஒப்பிட்டு, யானை அறிந்த பாகனையே கொல்லும் என்றும், நாய் தன்மேல் எறிந்த வேல் உடலில் நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் என்றும் கூறுகின்றது. இது நட்பின் இலக்கணம். நாய் வளர்ப்போர்க்கு ஓர் எச்சரிக்கையும் ஆகும். வேலைப் பொறுக்கும் விலங்கு வெயிலையும் பொறுத்துப் பின்தொடரும்; கால் தளர்ந்து வீழுமளவும் நடப்பதும் உண்டு. ஆகலின், கயிற்றைப் பிடித்தவனே அதன்பொருட்டுப் பருவத்தை அறிதல் வேண்டும். நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களின் வழியே இதனை விளக்குவாம்.

ஆவணியும் புரட்டாசியும் கார். மாலை மழையில் மண் நனைந்து புல் தளிர்க்கும். மணத்தை உணரும் நுண்ணணுக்கள் மனிதன் மூக்கில் ஏறத்தாழ 50 லட்சம். நாயின் மூக்கிலோ 20 கோடிக்கும் மேற்பட்டவை. நமக்கு வெறும் ஈரமண்ணாய்த் தோன்றும் இடம், அதற்கு நேற்று வந்தோர் அனைவரையும் அறிவிக்கும் ஏடு. அதனை முகரவிடாது இழுத்துச் செல்லுதல், படிப்பவன் கையிலிருந்து நூலைப் பறித்தலை ஒக்கும். ஆயின் புல்லில் உண்ணியும் உண்டு. அது குருதியைக் குடிப்பதோடு காய்ச்சலைத் தரும் நுண்ணுயிர்களையும் உட்செலுத்தும். ஆதலால் வீடு திரும்பியவுடன் செவியின் உட்புறத்தையும் விரலிடுக்கையும் தடவிப் பார்த்தல் கடன்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வடகிழக்குப் பருவமழையால் பூங்காவில் நீர் தேங்கும். எலியின் சிறுநீர் கலந்த அந்நீரால் எலிக்காய்ச்சல் பரவும். அந்நோய் நாயிலிருந்து மனிதர்க்கும் தொற்றவல்லது. எனவே தேங்கிய நீரைக் குடிக்க விடாமலும், கால்களைக் கழுவித் துடைத்தும் காக்க. இதற்குத் தடுப்பூசியும் உண்டு. புதரில் மறையும் தேரையின் தோலில் நஞ்சுண்டு; நாய் அதனைக் கௌவினால் வாயில் நுரை தள்ளும். தீபாவளி வருவதும் இப்பருவத்திலேயே. வெடியோசைக்கு அஞ்சி அறுத்துக்கொண்டோடி வழிதவறும் நாய்கள் உள. அந்நாள்களில் வெடியோசை அடங்கிய வைகறையில், கழுத்துப்பட்டையை நன்கு இறுக்கி அழைத்துச் செல்லுதல் நன்று.

மார்கழியும் தையும் முன்பனி. உலாவிற்கு இதனினும் இனிய காலம் இல்லை. முதிர்ந்த நாய்க்கு மட்டும் குளிரில் மூட்டுகள் இறுகும். அதனை மெல்ல நடத்துக. பூங்காவிற்குச் செல்லும் வழியில் வாசல்தோறும் புதுக்கோலம் இருக்கும். அதை நாய் மிதியாதவாறு செல்வது அண்டை வீட்டாரோடு நட்பை வளர்க்கும்.

மாசியும் பங்குனியும் பின்பனி. புல் காய்ந்து விதை முற்றும். தன் பெயரிலேயே நாயைக் கொண்ட நாயுருவியின் விதைகள் மயிரில் ஒட்டிக்கொள்ளும். நெருஞ்சிமுள் பாதத்தில் தைக்கும். நாய் நின்று காலை நக்கினால் அதட்டாது குனிந்து பார்த்தல் வேண்டும்.

இனிச் சித்திரையும் வைகாசியும். நூலோர் இவற்றை இளவேனில் என்றனர். கத்திரி வெயில் எரிக்கும் திங்கள்களும் இவையே. ஆனியும் ஆடியுமாகிய முதுவேனிலிலும் வெம்மை எளிதில் தணிவதில்லை. உலாவில் உயிர்க்கே இடர் நேரும் காலம் இதுவாதலின் சிறிது விரித்துரைப்பாம். நமக்கு உடல் முழுதும் வியர்த்துச் சூடு தணிகின்றது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் அடிப்பாதத்திலேயே. அது நாவை நீட்டி இரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கியே வெப்பத்தைப் போக்கும். அதன் இயல்பான உடற்சூடு ஏறத்தாழ 101 முதல் 102.5 பாரன்ஹீட் பாகை. அது 106 பாகையைக் கடந்தால் மூளையும் சிறுநீரகமும் கெட்டு, சிறிது நேரத்திலேயே உயிர் போதலும் கூடும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களும், பருத்த நாய்களும், அடர்மயிர் உடைய குளிர்நாட்டு இனங்களும் விரைவில் வீழும். சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டினங்கள் இவற்றினும் வெயில் தாங்குமாயினும், அவையும் நண்பகல் வெயிலுக்கு உரியன அல்ல.

ஆகவே வேனிலில் கதிர் எழுமுன் உலாவுக. மாலையில் கதிர் மறைந்த பின்னும் தாரும் கல்லும் சூட்டை விடாது வைத்திருக்கும். புறங்கையைத் தரையில் வைத்துச் சில நொடி பொறுக்க இயலாவிடின், அத்தரை நாயின் பாதத்திற்கும் ஆகாது. இரைப்பு அடங்காமை, கெட்டியான எச்சில், சிவந்த ஈறு, தள்ளாட்டம் ஆகியன தோன்றினால் உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுசெல்க.

பருவம் எதுவாயினும் மாறாத கடமைகளும் உள. பூங்கா குழந்தைகட்கும் முதியோர்க்கும் உரியது. ஆதலின் கயிற்றை அவிழ்த்தல் தகாது, கழிவை அகற்றாது வருதலும் தகாது. வெறிநோய்க்குரிய ஊசியைக் குட்டிக்கு மூன்றாம் திங்களளவில் இட்டு, மருத்துவர் கூறும் காலந்தோறும் புதுப்பிக்க. பாஸ்டர் என்னும் அறிஞர் 1885இல் கடியுண்ட சிறுவனொருவனை ஊசியால் காத்தார். நம் நாட்டில் குன்னூரில் 1907இல் அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்தது. எனினும் நோயின் குறி தோன்றியபின் பிழைத்தோர் மிக அரியர். கடியுண்டவர் புண்ணைச் சவுக்காரமும் ஓடுநீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்லல் வேண்டும்.

நாய்க்கு நாளும் வேண்டுவது சிறிது நடையும், சிறிது நீரும், உடன்வருவோனது கருத்துமே. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் பலர் வீட்டிலும் கயிற்றை வாயிற் கௌவிக்கொண்டு ஒரு நாய் காத்திருக்கும். அவ்விடுமுறை வருவதோ கத்திரி வெயிலில். புறப்படுமுன் வாசற்படியில் நின்று தரையைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பீராக.