சிந்தசைசருக்குள் நுழையும் கிட்டார்

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் தருவது மிகச் சன்னமான மின் அலை. கிட்டாரின் கேபிளை ஆம்ப்ளிஃபயரில் செருகுவது வழக்கம். அதையே அனலாக் சிந்தசைசரில் செருகினால்? 1970களின் தொடக்கத்தில் ராக்ஸி மியூசிக் குழுவில் பில் மன்சனேராவின் கிட்டார் ஒலியை வி.சி.எஸ்.3 என்ற சிந்தசைசருக்குள் செலுத்தி உருமாற்றினார் பிரையன் ஈனோ. 1978இல் ஜப்பானின் கோர்க் நிறுவனம் கொண்டுவந்த எம்.எஸ்.-20 சிந்தசைசர், இதற்கென்றே தனிப் பகுதியோடு வந்தது.

அந்தப் பகுதி முதலில் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும். பிறகு இரண்டு திருகுகளால் கீழ், மேல் அதிர்வெண்களை வெட்டி, அடிப்படைச் சுரத்தை மட்டும் தக்கவைக்கப் பார்க்கும். அதன் அதிர்வெண்ணை மின்னழுத்தமாக மாற்றி ஒரு துளையில் தரும். ஒலியளவின் ஏற்ற இறக்கத்தை இன்னொன்றில். கம்பியைத் தட்டிய கணத்தை மூன்றாவதில்.

முதல் மின்னழுத்தத்தை, சிந்தசைசரில் ஒலியைப் பிறப்பிக்கும் ஆஸிலேட்டருக்குக் கொடுத்தால், வாசிப்பது கிட்டார், கேட்பது சிந்தசைசர். ஆசையைத் தூண்டும் வழி. ஆனால் தொல்லையும் இங்கேதான். தடித்த ஈ கம்பி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. ஓர் அலை முடியவே 12 மில்லிநொடி ஆகும். அதற்கு முன் சுரம் எதுவென்று கருவிக்குத் தெரியாது. பல சுரங்களைச் சேர்த்துக் கார்டு வாசித்தாலோ எந்தக் கம்பியைப் பின்பற்றுவது என்று திணறித் தாவும். ஒவ்வொரு சுரமாக, பக்கத்துக் கம்பிகளை அடக்கி வாசிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. ஆஸிலேட்டரை ஒதுக்கிவிட்டு, பெருக்கிய கிட்டார் ஒலியையே, அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டருக்குள் விடுவது. தட்டிய கணத்தின் சமிக்ஞையை ட்ரிகர் துளையில் செருக மறக்கக் கூடாது. இல்லையேல் கருவியின் வாசல் திறக்காது, சத்தமே வராது. ஏற்ற இறக்கத்தின் மின்னழுத்தத்தை ஃபில்டருக்குக் கொடுத்தால் அது ஃபில்டரை ஆட்டும்: அழுத்தித் தட்டினால் ஒலி பளீரென விரியும், மெல்லத் தொட்டால் மங்கும். ரெசனன்ஸைக் கூட்டக் கூட்ட எம்.எஸ்.-20இன் ஃபில்டர் கரகரத்து அலறும். கார்டும் தாராளமாக வாசிக்கலாம். விரலின் அழுத்தம் அப்படியே காதில் விழுவது இந்த வழியில்தான்.

2013இல் வெளிவந்த எம்.எஸ்.-20 மினியிலும் இந்தப் பகுதி உண்டு. அதன் துளைகள் 3.5 மி.மீ. அளவுள்ளவை என்பதால், கிட்டார் கேபிளின் பெரிய முனைக்கு ஓர் அடாப்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.